பாலக்காடு மணி ஐயரும் என் ஒலிபெருக்கியும்

ஒலிபெருக்கி செய்யக் கற்றுக்கொண்ட ஒருவன், ஒலிபெருக்கியே வேண்டாம் என்று ஒதுக்கிய ஒருவரின் வாழ்க்கையை எழுதப் புகுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். எனக்கே முதலில் அப்படித்தான் தோன்றிற்று. ஆனால் நான் செய்த கருவியின் குற்றத்தை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் அவர். அவர் மறைந்ததோ 1981-இல்; நான் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்னால்.

பெருமாட்டி எங்கள் ஊர். பாலக்காடு மாவட்டம் சித்தூர்த் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கும் பஞ்சாயத்து. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சந்தையில் இரண்டும் கலந்த ஒன்று. என் தாத்தா பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து பண்ணை வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர். எங்கள் தெருக் கோயிலில் ஆண்டுதோறும் திருவிழா நடக்கும். கடைசி நாள் இரவு ஊரார் தொகை சேர்த்து ஒரு பாட்டுக் கச்சேரி வைப்பார்கள். மைக்செட் வாடகை ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே போனது. பௌதிகம் படிக்கிற பையன் ஒருவன் ஊரில் இருக்கும்போது வாடகை எதற்கு என்று யாரோ கேட்டுவிட்டார்கள். அந்தப் பையன் நான்தான்.

மூன்று மாதம் பாடுபட்டு ஒரு கருவி செய்தேன். நான்கு சேனல், பாடுபவருக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு ஒன்று, கஞ்சிராவோ கடமோ வந்தால் அதற்கு ஒன்று. ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாக ஒரு முன்பெருக்கிக்குள் போகும். அங்கே என்.இ.5532 என்ற சில்லு, மைக்கிலிருந்து வரும் ஓரிரு மில்லிவோல்ட்டை இருநூறு மடங்கு பெருக்கும். பிறகு ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு. நான்கு திருகுகளிலிருந்தும் வரும் நான்கு ஓடைகளும் ஆளுக்கொரு பத்து கிலோ ஓம் தடையின் வழியே ஒரே புள்ளியில் சேரும். அந்தப் புள்ளியைக் கலவைச் சுற்று எப்போதும் சுழி வோல்ட்டிலேயே பிடித்து வைத்திருப்பதால் ஒரு சேனலின் திருகு இன்னொன்றைப் பாதிக்காது. கடைசியில் டி.டி.ஏ.7294 சில்லுகள் இரண்டு. ஒவ்வொன்றும் ஐம்பது வாட்டு அளவுக்கு ஒரு பெட்டியை முழக்கும். 24-0-24 டிரான்ஸ்பார்மர் ஒன்றைக் கோயம்புத்தூரில் தேடி வாங்கினேன். எர்த் கம்பிகள் எல்லாவற்றையும் ஒரே திருகாணியில் கொண்டுவந்து முடிந்த பிறகுதான் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல் நின்றது. அன்றிரவு தூங்கவே இல்லை.

திருவிழாவில் பாட்டும் வயலினும் நன்றாகவே வந்தன. மிருதங்கம் மட்டும் தகரத்தைத் தட்டுவதுபோல் இருந்தது. நான் திருகைக் குறைத்தேன். தகரம் மெல்லக் கேட்டதே தவிர, தகரமாகவேதான் கேட்டது. மூன்றாவது பாட்டு முடிந்ததும் மிருதங்கக்காரர், எழுபதைத் தாண்டிய பெரியவர், தம் முன்னால் இருந்த மைக்கைக் கையாலேயே எடுத்து மேடைக்குக் கீழே வைத்துவிட்டார். கோபப்படவில்லை. கச்சேரி முடிந்து ஒயர்களைச் சுருட்டும்போது என்னிடம் வந்து, மணி ஐயர் இருந்தால் இந்த மைக்கைப் பார்த்தவுடனேயே எழுந்து போயிருப்பார், நானாக இருந்ததால் மூன்று பாட்டு பொறுத்தேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லிப் போனார். அதன் பிறகுதான் மணி ஐயர் யார், ஏன் எழுந்து போயிருப்பார் என்று தேடத் தொடங்கினேன்.

திருவில்வாமலைக்கு அருகே உள்ள பழயன்னூரில் 1912-இல் பிறந்தவர் அவர். ராமசுவாமி என்பது இயற்பெயர். மணி என்பதுதான் நின்றது. தந்தை சேஷம் பாகவதர் பாட்டில் தேர்ந்தவர். பாட்டுக்காரர் வீட்டில் பிறந்த பிள்ளை தாளத்துக்குப் போனது தற்செயல் என்று நான் நினைத்திருந்தேன். இப்போது அப்படி எண்ணவில்லை. பாட்டு இன்ன இடத்தில் எப்படித் திரும்பும், எங்கே மூச்சுக்கு நிற்கும் என்பதையெல்லாம் தாய்மொழிபோல் காதில் வாங்கி வளர்ந்த பையன், பிறகு மிருதங்கத்தை எடுத்தபோது அதைப் பாட்டின் கண்கொண்டே பார்த்தான். பாலக்காட்டில் சாத்தபுரம் சுப்பையர் அவருக்குத் தொடக்கப் பாடம் சொன்னார்.

அந்தப் பையனைக் கைப்பிடித்து மேடையேற்றியவர் செம்பை வைத்தியநாத பாகவதர். பாலக்காட்டுக்காரர்களுக்குச் செம்பையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அவருடைய குரல் வெண்கலக் குரல். கோயில் வெளியில் ஆயிரம் பேர் கூடியிருந்தாலும் கடைசி வரிசைக்கு எட்டும் என்று பெயர் வாங்கியது. அப்படிப்பட்ட குரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துப் பழகிய சிறுவனுக்குக் கருவியிலிருந்து எவ்வளவு ஒலியை எப்படி வரவழைப்பது என்பது கை விரலிலேயே படிந்துவிட்டிருக்கும். செம்பை அவரைச் சென்னைக்கு அழைத்துப் போனார். சென்னையின் காதுகள் கடுமையானவை. அங்கேயும் அந்தப் பையன் நின்றான்.

சென்னையில் பெயர் வந்த பிறகு ஒருவர் திரும்பவும் மாணாக்கராக உட்காருவது எளிதல்ல. மணி ஐயர் தஞ்சாவூருக்குப் போய் வைத்தியநாத ஐயரிடம் பாடம் கேட்டார். தஞ்சாவூர் வழியின் சொற்கட்டும், பாட்டைத் தொடர்ந்து போகும் பாங்கும் அவரிடம் அங்கேதான் முதிர்ந்தன. கஞ்சிராவில் நிகரற்றவரான புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையோடு ஒரே மேடையில் வாசிக்கும் பேறும் இளமையிலேயே கிட்டியது. பழனி சுப்பிரமணிய பிள்ளை, இராமநாதபுரம் முருகபூபதி, மணி ஐயர் என்று மூவரையும் சேர்த்து மிருதங்க மும்மூர்த்திகள் என்று சொல்வது பின்னாளில் வழக்கமாயிற்று. மூவரில் யார் பெரியவர் என்று வாதாடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அந்த வாதத்தில் நுழையத் தகுதியில்லை.

அரியக்குடி, ஆலத்தூர் சகோதரர்கள், செம்மங்குடி, ஜி.என்.பி. என்று அந்தக் காலத்துப் பெரிய பாடகர்கள் எல்லோருக்கும் அவர் வாசித்திருக்கிறார். அவருடைய பதிவுகளை விடுதி அறையில் இரவில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆகையால் சோதனைச்சாலையில் செய்வதைப்போல் அலையை வரைந்து பார்த்தேன். அப்போது ஒன்று புலப்பட்டது. அவர் வாசிக்காமல் விடுகிற இடங்கள் ஏராளம். பாட்டின் ஒரு சொல் தானாக நிற்கக்கூடிய இடத்தில் கை ஓய்ந்திருக்கிறது. பிறகு ஒரே ஒரு தட்டு, அதுவும் மிக மெல்லியது. அதன் பிறகு பலமான ஒன்று. மெல்லியதற்கும் பலமானதற்கும் உள்ள தூரம் அலைபடத்தில் மடுவும் மலையுமாக இருந்தது. அவருடைய கலையில் பெரும்பகுதி அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது என்று எனக்குப்பட்டது. அந்தத் தூரத்தைத்தான் என் கருவி அழித்துக்கொண்டிருந்தது.

இங்கே மிருதங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாதாரணமாக ஒரு வட்டத் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் அதில் எழும் மேற்சுரங்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாதவை. அடிச்சுரத்தை 1 என்று கொண்டால் அடுத்தவை 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கில்லாமல் போகும். அதனால்தான் வெறும் பறையில் சுரம் தெளிவாக நிற்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையிலோ, நடுவே கரணை என்ற கறுப்புப் பூச்சைப் படிப்படியாக அப்பி வைத்திருக்கிறார்கள். அந்தக் கனம் தோலின் அதிர்வை மாற்றிவிடுகிறது. மேற்சுரங்கள் 1, 2, 3, 4, 5 என்று வரிசையில் வந்து நிற்கின்றன. தோலில் எழும் சுரம் தம்பூராவோடு இழைகிறது. இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் நம் சி.வி. இராமன். 1920-இல் சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து நேச்சர் இதழில் எழுதினார். 1934-இல் இன்னும் விரிவாக ஆராய்ந்து எழுதினார். பெயர் தெரியாத ஏதோ ஒரு கைவினைஞன் பல நூற்றாண்டுகளுக்கு முன் விரல் நுனியால் தீர்த்த கணக்கு அது.

கைவினைஞர் என்றதும் ஒருவரைப் பெயர் சொல்லியே ஆகவேண்டும். மணி ஐயரின் மிருதங்கங்களைப் பல்லாண்டு செய்து கொடுத்தவர் தஞ்சாவூர் செபஸ்தியான் குடும்பத்தைச் சேர்ந்த பர்லாந்து. எந்தத் தோல் எந்தச் சுருதிக்கு, எத்தனை அடுக்குக் கரணை என்பதில் இருவரும் ஓயாமல் சோதித்துக்கொண்டே இருந்தார்கள். மணி ஐயரின் நாதம் என்று நாம் கொண்டாடுவதில் ஒரு பங்கு பர்லாந்தின் கைக்கு உரியது. இந்தத் தோல் வினைஞர்கள் தலித் கிறிஸ்தவர்கள். மேடையில் அவர்கள் பெயரை யாரும் சொன்னதில்லை. 2020-இல் பாடகர் டி.எம். கிருஷ்ணா அவர்களைப் பற்றித் தனி நூலே எழுதிய பிறகுதான் என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்தது.

இவ்வளவு நுட்பமாகச் சேர்த்துவைத்த மேற்சுரங்களின்மேல்தான் என் முன்பெருக்கி கத்தரிக்கோலை வைத்தது. பாடுகிறவரின் குரல் மைக்கில் ஓரிரு மில்லிவோல்ட்டு தரும். அருகே வைத்த மைக்கில் மிருதங்கத்தின் ஒரு பலமான தட்டு, கண்ணிமைக்கும் நேரத்துக்குள், ஐம்பது மில்லிவோல்ட்டையும் தாண்டிவிடும். இருநூறு மடங்கு என்றால் பத்து வோல்ட்டுக்கு மேல். என் சில்லுக்குக் கொடுத்திருந்த மின்சாரம் பன்னிரண்டு வோல்ட்டு. அது பத்தின் பக்கத்திலேயே மூச்சு முட்டி நின்றுவிடும். அலையின் உச்சி அரிவாளால் சீவியதுபோல் தட்டையாகும். சீவிய அலையில், தோலில் இல்லாத புதிய மேற்சுரங்கள் முளைக்கும். அதுதான் அந்தத் தகர ஓசை. நான் திருகியதோ முன்பெருக்கிக்குப் பின்னால் இருந்த திருகு. ஏற்கெனவே சீவிய அலையைச் சிறிதாக்கினால் சிறிய சீவிய அலைதான் கிடைக்கும். இதைச் சுவர்ப் பலகையில் எழுதினால் முதலாண்டு மாணவனும் சொல்வான். மேடை ஓரத்தில், ஊரார் பார்த்துக்கொண்டிருக்க, கையில் திருகோடு நின்றபோது எனக்குத் தோன்றவில்லை.

மணி ஐயரின் காலத்து ஒலிபெருக்கி என்னுடையதைவிட மோசம். அவர் இளமையில் வாசித்தது மைக் இல்லாத உலகில். பாடுகிறவர் குரலை உயர்த்தி, மேல் சுருதியில் பாட வேண்டும். கேட்கிறவர் மூச்சடக்கிக் கேட்க வேண்டும். 1930-களில் மைக் கச்சேரி மேடைக்கு வரத் தொடங்கியது. சுருதி இறங்கியது. மெல்லிய குரல்காரர்களும் பெரிய கூட்டத்துக்குப் பாடலாம் என்றாயிற்று. அது பெரிய நன்மை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மிருதங்கத்துக்கு என்ன நேர்ந்தது? மரக்கிளையிலும் கம்பத்திலும் கட்டும் குழாய் ஸ்பீக்கர், அதன் வாய் அகலத்தைப் பொறுத்து, கீழ்ச் சுரங்களை வெளியே விடாது. இடது பக்கத்துத் தொப்பியின் அடிநாதம் அதன் வழியே ஏறக்குறைய வருவதே இல்லை. வலந்தலையின் கூர்மை மட்டும் ஈட்டிபோல் வரும். தொப்பியில் விரலை அழுத்தித் தேய்த்து எழுப்புகிற கும்காரம், ஒரு பிறவிக் கலைஞனின் வாழ்நாள் உழைப்பு, கம்பத்து உச்சியில் காணாமற் போய்விடும்.

இன்னொன்றும் உண்டு, அதை நான் இதைவிடப் பெரிதாகக் கருதுகிறேன். மைக் இல்லாத மேடையில் பாட்டுக்கும் வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் உள்ள அளவைத் தீர்மானிக்கிறவர்கள் அந்த மூவரே. பாடுகிறவர் குரலைத் தாழ்த்தினால் மிருதங்கக்காரர் கையைத் தாழ்த்துவார். மைக் வந்ததும் அந்த அதிகாரம் திரைக்குப் பின்னால் திருகோடு உட்கார்ந்திருக்கும் மூன்றாம் மனிதனுக்குப் போய்விடுகிறது. மணி ஐயர் ஒரு தட்டை மெல்ல வைத்தார் என்றால் அது கேட்டும் கேளாமலும் இருக்கவேண்டும் என்றே வைத்தார். மைக்செட்காரர் அதைக் குறை என்று நினைத்துத் திருகைக் கூட்டுவார். நானும் அதையேதான் செய்தேன்.

ஆகவே அவர் ஒரு கட்டத்தில் மைக் வைத்த கச்சேரிக்கு வர இயலாது என்று சொல்லிவிட்டார். பெரிய சபைகள் பலவற்றுக்கு அது ஒத்துவராத நிபந்தனை. அரங்கம் பெரிதாகிக்கொண்டிருந்த காலம். சீட்டு விற்றாக வேண்டிய காலம். புகழின் உச்சியில் இருந்த ஒருவர் தம் வருவாயையும் வாய்ப்பையும் பணயம் வைத்து, கருவியின் நாதத்தைக் காப்பாற்ற நின்றார். மைக் நாதத்தைக் கெடுக்கிறது, பாடுகிறவர்களின் குரற்பயிற்சியையும் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. பிடிவாதக்காரர் என்று சொன்னவர்கள் உண்டு. ஏறத்தாழ ஐம்பது மில்லிவோல்ட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. அலைகாட்டி இல்லாமலே அலையின் தலை சீவப்படுவதைக் கேட்ட காது அது.

அப்படியானால் மைக் வேண்டாமா? இந்த இடத்தில் மணி ஐயரோடு நான் மாறுபட வேண்டியிருக்கிறது. அவ்வளவு பெரியவரோடு மாறுபடுவதற்கு அவரைப் போற்றுகிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவர் சிறுவனாக வாசிக்கத் தொடங்கிய அதே 1920-களின் நடுவில், பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத் தெருக்களில் ஈழவர் முதலியோர் நடக்கக் கூடாது என்ற தடை இருந்தது. தேரோட்டத்தின்போது அதை மீறி நுழைந்தவர்கள் அடிபட்டார்கள். அது பெரிய கிளர்ச்சியாக மூண்டது. மைக் இல்லாத இசை எவ்வளவு தூயதாக இருந்தாலும் அது அந்தத் தெருவின் எல்லைக்குள்ளேயே நின்ற இசை. தெருவுக்குள் கால் வைக்க முடியாதவன் எந்த நாதத்தைக் கேட்டான்? என் தாத்தா இருக்கும்வரை ஒரு கதை சொல்வார். அவர் முதன்முதலில் ஒரு வித்துவானின் பாட்டைக் கேட்டது, வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், வயல் வரப்பில் உட்கார்ந்து. அந்தப் பக்கத்துக் கோயில் மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில். கோயிலுக்குள் போகும் துணிச்சல் அவருக்கு அன்று இல்லை. தொப்பியின் நாதம் வரவில்லை என்று அவர் குறைப்பட்டதே இல்லை. பாட்டு வந்ததே என்றுதான் சொல்வார்.

இந்த இரண்டும் என் மேசைமேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன: மணி ஐயரின் மறுப்பும் தாத்தாவின் வரப்பும். இரண்டில் ஒன்றைத் தள்ளிவிட்டு ஒரு மின்சுற்று வரைவது எனக்கு முடியாத காரியமாயிற்று. ஆகையால் கருவியை முழுதும் பிரித்தேன்.

முதலில் மூன்றாவது சேனல். முன்பெருக்கியின் பெருக்கத்தைத் தீர்மானிப்பவை இரண்டு தடைகள். இருபது கிலோ ஓமும் நூறு ஓமும். இருபதுக்குப் பக்கத்தில் இரண்டு கிலோ ஓம் ஒன்றையும் வைத்து, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு விசை போட்டேன். இருநூறு மடங்கு வேண்டுமானால் இப்பக்கம், இருபது மடங்கு வேண்டுமானால் அப்பக்கம். செலவு பதினைந்து ரூபாய்கூட ஆகவில்லை. இந்தப் பதினைந்து ரூபாய் இல்லாமல்தான் ஒரு பெரியவரின் மூன்று பாட்டைத் தகரமாக்கினேன்.

இரண்டாவது, தொப்பிக்கு உதவுவதாக எண்ணிக் கீழ்ச் சுரங்களைத் தூக்கிக் கொடுக்கும் சுற்று ஒன்றை வைத்திருந்தேன். அதைப் பிடுங்கி எறிந்தேன். தொப்பியில் எவ்வளவு கீழ்ச் சுரம் வேண்டும் என்பது ரவையை அப்புகிற கை தீர்மானிக்க வேண்டியது, என் வேலையன்று.

மூன்றாவது, வாட்டுக் கணக்கு. மிருதங்கத்தின் உச்சித் தட்டு சராசரியைப் போல் பத்து மடங்குக்கும் மேல் ஆற்றலைக் கேட்கும். ஐம்பது வாட்டுப் பெருக்கி என்றால் சராசரியாக ஐந்து வாட்டுக்கு மேல் போகாமல் ஓட்டினால்தான் அந்த உச்சிக்கு இடம் இருக்கும். ஐந்து வாட்டா என்று ஊரார் முகம் சுளித்தார்கள். வாடகைக்கு வந்த மைக்செட் நூற்றுக்கணக்கில் முழக்கியதைக் கேட்டுப் பழகியவர்கள். ஆகவே மேடையில் இரண்டு பெரிய பெட்டிகளை வைக்கும் வழக்கத்தை விட்டு, சிறு பெட்டிகளாக மைதானத்தின் நடுவிலும் பின்னாலும் வைத்தேன். முன்வரிசையில் இருப்பவர்கள் மேடையின் இயற்கை ஒலியையே கேட்கலாம். பெட்டி மைக்கிலிருந்து தள்ளிப் போனதால் ஊளையிடுவதும் குறைந்தது. திறந்த மைக்குகள் இரட்டித்தால் ஊளைக்கு முன் கூட்டக்கூடிய அளவு மூன்று டெசிபல் குறையும் என்பதால், கஞ்சிரா இல்லாத நாளில் நான்காவது சேனலை மூடியே வைக்கவும் கற்றேன்.

இதில் ஒரு புதுத் தொல்லை. பதினைந்து மீட்டர் தள்ளி வைத்த பெட்டியின் ஒலி முதலில் வரும். மேடையின் ஒலி 44 மில்லிசெகண்டு கழித்து வரும். ஒரே தட்டு இரண்டாகக் கேட்கும். தாளத்துக்கு இதைவிடக் கேடு வேறு வேண்டாம். பி.டி.2399 என்ற மலிவான தாமதச் சில்லை இடையில் போட்டுப் பெட்டியின் ஒலியையும் நிறுத்தி அனுப்பினேன். தட்டு ஒன்றாயிற்று. ஆனால் அந்தச் சில்லு ஒலியில் ஒரு மணலை அள்ளிப் போடுகிறது. இதற்கு நல்ல வழி இன்னும் எனக்கு அகப்படவில்லை. நம் துறையில் யாருக்கேனும் தெரிந்தால் விடுதியில் என் அறைக்கு வந்து சொல்லலாம்.

மணி ஐயரின் பிற்கால வாழ்வைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1956-இல் சங்கீத நாடக அகாதமி விருது, 1965-இல் கே.வி. நாராயணசுவாமி, லால்குடி ஜெயராமன் ஆகியோரோடு எடின்பரோ விழா. 1966-இல் சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதிப் பட்டம். மிருதங்கக்காரர் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் முறை. மேடையில் பக்கத்தில் உட்காருகிறவர் என்றே எண்ணப்பட்ட ஓர் இனம் முழுவதற்கும் அன்று நாற்காலி கிடைத்தது. 1971-இல் பத்மபூஷண். பெண்களுக்கு வாசிப்பதில்லை என்று நெடுநாள் இருந்தவர் பின்னர் டி.கே. பட்டம்மாளுக்கு வாசித்தார். முதலில் மறுத்ததை எப்படி நியாயப்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. மாறியதை மட்டும் மகிழ்ச்சியோடு குறிக்கிறேன். ஒன்றை மறுத்தால் மறுத்ததே என்று இருந்த மனிதரல்லர் என்பதற்கும் அது சான்று.

மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிவேலிப் பள்ளியில் அவர் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். கூட்டமில்லாத, மைக் இல்லாத இடம். மற்ற மாணாக்கர்களில் பாலக்காடு ரகு ஒருவரை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. ரங்கூனில் பிறந்து, மணி ஐயரிடம் கற்பதற்காகவே பாலக்காட்டுக்கு வந்து, கடைசியில் பெயரிலேயே பாலக்காட்டைச் சூடிக்கொண்டவர், கணிதம் படித்தவரும்கூட. பிழைப்புக்கு ஊர்விட்டு ஊர் வந்த குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்தப் பெயரின்மேல் தனி ஆசை. 1981 மே 30-ஆம் நாள் மணி ஐயர் காலமானார்.

இவ்வாண்டுத் திருவிழாவுக்கு அதே பெரியவரே வாசிக்க வந்தார். மைக் அவருக்கு முன்னால், இரண்டடி தள்ளி இருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். கும்பிட்டுவிட்டு, விசையை அணைத்தே வைத்திருக்கிறேன் என்று சைகை காட்டினேன். முதல் பாட்டு முழுவதும் மிருதங்கம் தோலிலிருந்து நேராக வந்தது. முன்வரிசைக்கு அதுவே போதுமாயிருந்தது. பாட்டு முடியும் தறுவாயில் மைதானத்தின் கோடியிலிருந்து ஒரு சிறுவன் கூட்டத்துக்குள் நுழைந்து ஓடிவந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் மிருதங்கம் கேட்கவே இல்லை என்று அவன் பாட்டி சொல்லி அனுப்பியிருக்கிறாள். நான் மேடையைப் பார்த்தேன். பெரியவர் வார்களை இழுத்துச் சுருதி பார்த்துக்கொண்டிருந்தவர், சிறுவனைப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். விசையை இருபது மடங்குப் பக்கம் வைத்து மூன்றாவது சேனலைத் திறந்தேன்.